மட்டாஞ்சேரியில் மதினிக்கு ஒரு பிறந்த வீடு

ஏட்டி, உனக்கு வேறு வேலையே இல்லையா? துக்க வீட்டுக்குப் போய்விட்டு வந்தவளிடம், "என்ன சாப்பிட்டே, போட்ல போனியா, சண்டை நடந்துச்சாமே" என்று திருவிழாவுக்குப் போய்வந்தவளைக் கேட்கிற மாதிரி கேட்கிறாய். காலை நீட்டி உட்கார்ந்து ஒரு வாய் வெற்றிலை போட விட்டாயா? சண்டை என்று சொல்லும்போது மட்டும் உன் கண் எவ்வளவு பெரிதாகிறது! சரி, சொல்கிறேன். சொல்லாவிட்டால் நீயே ஒன்றை இட்டுக்கட்டி விடுவாய். அது நான் சொல்வதைவிட நன்றாக இருந்துவிட்டால் எனக்குத்தான் கேவலம்.

போனது என் மதினியின் பதினாறாம் நாளுக்கு. மதினி என்றால் என் அண்ணன் பெண்டாட்டி, சண்முகவடிவு. மட்டாஞ்சேரியில் வடிவு சேச்சி என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். தொண்ணூறு ஆனதும் வயதை எண்ணுவதை விட்டுவிட்டாள். அன்று காலை இட்லியில் உப்பு இல்லை என்று மருமகளைத் திட்டினாள், திட்டிக்கொண்டே இரண்டாவது இட்லியையும் தின்றாள், சுவரில் சாய்ந்தாள். சாய்ந்தவள் சாய்ந்தவள்தான். கடைசிப் பேச்சு இட்லியைப் பற்றி. சாமி பெயரைச் சொல்லியிருக்கலாம் என்று சிலர் குறைப்பட்டார்கள். அவளைத் தெரிந்தவர்கள் யாரும் குறைப்படவில்லை.

என்னைப் பெற்றவள் என்னைப் பெற்ற கையோடு போய்ச் சேர்ந்துவிட்டாள். அண்ணனுக்குக் கொச்சியில் முனிசிபாலிட்டி வேலை. பதினேழு வயதில் கல்யாணமாகி வந்த மதினி, மாலையைக் கழற்றுமுன் என்னை இடுப்பில் வாங்கினாள். "எல்லாருக்கும் தாலி கட்டி மெட்டி போடுவாங்க, எனக்குத் தாலி கட்டிப் பிள்ளையைக் குடுத்தாங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாள். மூன்றாம் வகுப்போடு நான் சுவரேறிக் குதித்துவிட்டேன். அது அவள் குற்றமில்லை. சுவர் சின்னது.

பிறகு என்னைச் சுரண்டையில் கட்டிக் கொடுத்தார்கள். என் தலைப்பிரசவத்துக்கு மட்டாஞ்சேரியிலிருந்து வந்து நாற்பது நாள் இருந்து, பத்தியச் சோறு ஆக்கிப் போட்டு, மருந்து இடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். எனக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இருந்தது என்றால் அது அவள்தான். இதை நினைவில் வைத்துக்கொள். நான் அங்கே போய்ச் செய்த திருட்டு வேலைக்கெல்லாம் இதுதான் காரணம்.

கண் ஆபரேஷன் செய்திருந்ததால் சாவுக்குப் போக முடியவில்லை. போனில் முகத்தைக் காட்டினார்கள். நாலாம் நாள் அவள் மூத்த மகன் முருகேசன் கூப்பிட்டான். எழுபத்திரண்டு வயது, அவனும் முனிசிபாலிட்டியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன். "அத்தே, பதினாறுக்கு அம்மா வீட்டாளு ஒருத்தர் வேணும். உருமா கட்டாம எப்படி?"

உனக்குத் தெரியாது, சொல்கிறேன். தாய் போனால் பதினாறாம் நாள், தாய்மாமன் வீட்டார் வேட்டி துண்டோடு வந்து மூத்த மகன் தலையில் உருமா கட்டவேண்டும். அந்தத் தலைப்பாகையைக் கட்டி, கையைப் பிடித்து எழுப்பிவிட்டால்தான் துக்கம் முடியும். மதினி பிறந்த ஊர் இதோ நமக்கு மேற்கே, பஸ்ஸில் அரைமணி நேரம். அவளுடைய ஒரே தம்பி செத்துப் பல வருடம் ஆகிறது. தம்பியின் பேரன் ஒருவன் இருந்தான். நானே போய் அவனைப் பிடித்தேன். "எந்தப் பாட்டி?" என்றான். விளக்கினேன். "சரி பாட்டி, தென்காசி ஸ்டேஷன்ல நிக்கேன்" என்றான். நான் உடனே முருகேசனுக்குப் போன் போட்டு, "ஆளோட வாரேன், நீ பந்தலைப் போடு" என்று மார்தட்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமை தென்காசி ஸ்டேஷனில் நான் நின்றேன். அவன் நிற்கவில்லை. போனைப் போட்டால் அணைத்து வைத்திருக்கிறான். ரயில் வந்துவிட்டது. அது என்னைக் கேட்டா நிற்கும்? ஏறிவிட்டேன். பையில் அவன் கையால் கொடுப்பதற்கென்று நான் வாங்கிய வேட்டியும் துண்டும் இருந்தன. கொடுக்கிற கை மட்டும் இல்லை.

எதிர் சீட்டில் நர்ஸ் படிக்கிற ஒரு பெண். "எறணாகுளம் வந்தா எழுப்பு தாயி" என்றேன். "நானும் அங்கதான் இறங்கணும் அம்மச்சி, பயப்படாதீங்க" என்றாள். பயப்படாமல் தூங்கினேன். அவளும் பயப்படாமல் தூங்கினாள். கண் விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. ரயில் ஒரு ஸ்டேஷனில் நின்றிருந்தது. ஆலுவா. எறணாகுளம் எப்போதோ போய்விட்டது. அவள் "டூட்டி போச்சே" என்று கண்ணைக் கசக்க, நான் அவள் கையைப் பிடித்து இறக்கினேன். யார் யாருக்குத் துணை என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

ஸ்டேஷனுக்கு வெளியே சாயாக் கடை. குடிக்கத் தண்ணீர் கேட்டால் ரோஸ் நிறத்தில் சுடச்சுட ஒரு டம்ளர் வருகிறது. ஏதோ பட்டையைப் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். சின்ன வயதில் குடித்ததுதான். ஐம்பது வருடம் சுரண்டைத் தண்ணீர் குடித்தபின், யாரோ மருதாணிக் கையைக் கழுவி ஊற்றின மாதிரி இருந்தது. அந்தப் பெண் புட்டும் கடலையும் சொன்னாள். பக்கத்து மேஜையில் ஒரு ஆள் கப்பைக்கிழங்கும், அதுதான் நம் மரவள்ளி, மீன் கறியும் தின்றுகொண்டிருந்தான். புளி போட்டுச் சிவந்த கறி. நம் ஊரில் காலையில் மீனைத் தின்றால் ஊரே திரும்பிப் பார்க்கும். துக்க வீட்டில் பதினாறு வரைக்கும் மீன் கிடையாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நான் இன்னும் துக்க வீட்டுக்குள் போகவில்லையே. தின்றேன். மதினிக்கு மீன் என்றால் உயிர். அவளுக்காகவும் ஒரு துண்டு.

பஸ் ஏறி எறணாகுளம்; அவள் டூட்டிக்கு ஓடினாள், நான் மட்டாஞ்சேரிக்குப் படகு ஏறினேன். முன்பெல்லாம் மரப் படகு, டீசல் புகை, கால் வைத்தால் ஆடும். இப்போது கண்ணாடி போட்டு ஏசி போட்டு, தானாகத் திறக்கிற கதவு. என் காலில் செருப்பு இருந்தது நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் தரை வழுக்கியிருக்கும். வெலிங்டன் தீவின் கப்பல்களைத் தாண்டும்போது வடக்கத்திக் கூட்டம் ஒன்று வரிசையாக நின்று போட்டோ எடுத்தது. கூட்டிவந்தவன் ஏதோ சொல்ல, எல்லாரும் மூக்கை உறிஞ்சினார்கள். "என்ன சொல்லுதான்?" என்று பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். "மட்டாஞ்சேரி வந்தா மசாலா மணம் வரும்னு சொல்றார்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்களுக்கு மசாலா மணம். எனக்கு அது மதினியின் சேலை. சுக்குக் கிட்டங்கியில் முப்பது வருடம் தரையில் உட்கார்ந்து தரம் பிரித்தவள். சுண்ணாம்பு பூசின சுக்கு. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது தலை, புருவம், மூக்கு எல்லாம் வெள்ளை. வெள்ளையடித்த சுவர் ஒன்று நடந்து வருகிற மாதிரி வருவாள். நாங்கள் பிள்ளைகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டால் ஐந்து பேருக்கும் வரிசையாகத் தும்மல்.

வீட்டு வாசலில் மதினியின் மகள் செல்வி நின்றாள். ரிட்டையரான நர்ஸ். கட்டிப்பிடித்து அழ வந்தவள், பாதியில் நிறுத்தி மூக்கைச் சுளித்தாள். "அத்தே, மீன் மணக்குது."

"போட்ல பக்கத்துல ஒருத்தி கூடை வச்சிருந்தா."

"ஏசி போட்லயா?"

அழவேண்டிய நேரத்தில் இரண்டு பேரும் சிரித்துத் தொலைத்தோம். முருகேசன் மட்டும் சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தான். "ஆளு எவிட அத்தே?"

"அவன் ஞாயித்துக்கிழம காலைல நேரா வாரான்" என்று சொல்லிவிட்டேன். வாய் என் வாய்தான். ஆனால் சில நேரம் என்னைக் கேட்காமல் வேலை செய்யும்.

அந்த வெள்ளிக்கிழமை முழுக்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்கு ஒரு பாஷை. குஜராத்திக்காரக் கிழவி ஒருத்தி வந்து உட்கார்ந்து, தன் பாஷையில் சொல்லிச் சொல்லி அழுதாள். அவள் பேத்தி எங்களுக்குச் சொன்னது: "வடிவு என்னை முப்பது வருஷம் தமிழில் திட்டினாள். என்ன திட்டுகிறாள் என்று தெரிந்துகொள்ளத்தான் தமிழ் படித்தேன். படித்தபிறகு பார்த்தால், சாப்பிட்டாயா என்றுதான் கேட்டிருக்கிறாள்." அப்பளம் விற்கிற கொங்கணிக்காரர் வந்தார். தன் அப்பளத்தை மதினி ஒருநாளும் நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை, ஒருநாளும் வாங்காமல் இருந்ததும் இல்லை என்றார்.

மதியச் சாப்பாடு சாம்பாரும் மொட்டு மொட்டாய்ச் சிவப்பு அரிசிச் சோறும். அடுத்த வீட்டில் மத்தி பொரிக்கிற வாசனை ஜன்னல் வழியே வந்தது. வீட்டில் இருந்த அத்தனை பேரும் பேசுவதை நிறுத்தி, அந்த வாசனையைத் தொட்டுக்கொண்டு சாம்பார் சோறு தின்றார்கள்.

சாப்பிட்டபின் முருகேசன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மெதுவாகச் சொன்னான். "அத்தே, அந்தப் பையன் வரலன்னா, என் மச்சினனே கட்டட்டும்னு நம்ம ஆளுங்கள்ல பெரியவர் செல்லையா மாமா பறயுது. எனக்குச் சரின்னு தோணல. அம்மாவுக்கு ஆருமில்லன்னு எல்லாரும் கேக்க விளிச்சுச் சொன்ன மாதிரி ஆவும். அம்மா உயிரோட இருக்கும்போதே அதைக் கேட்டுக் கேட்டு மடுத்துச் சலிச்சுப் போனா."

அவன் சொன்னது நிஜம். செல்விக்குப் பதினெட்டு வயதானபோது மதினியின் தம்பி, தாய்மாமன் முறையில் அவளைத் தனக்குக் கேட்டு ஊரிலிருந்து வெற்றிலைத் தட்டோடு வந்தான். அவனுக்கு முப்பத்தைந்து. "அவ நர்சுக்குப் படிக்கப் போறா" என்றாள் மதினி. அவன் தட்டைக் கவிழ்த்துவிட்டு, "இனிமே உனக்குப் பிறந்த வீடு கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனான். சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அடுத்த பொங்கலுக்கு அரிசி, வெல்லம், தேங்காய், மஞ்சள் கொத்து என்று எதுவும் வரவில்லை. பொங்கல்படி வராத பெண் என்றால் நம் ஆட்கள் எப்படிப் பேசுவார்கள் என்று உனக்குத் தெரியும். நான் அனுப்பலாம், ஆனால் நான் நாத்தனார். நான் அனுப்பினால் அது புகுந்த வீட்டுச் சாமான், கணக்கில் சேராது. மதினி மகளைப் படிக்க வைத்தாள். ஒரு சொல் குறை சொன்னதில்லை. ஆனால் பொங்கல் அன்று காலையில் மட்டும் வாசலை இரண்டு தரம் கூட்டுவாள்.

அப்படிக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு பொங்கலில்தான், கிட்டங்கியில் மூட்டை தூக்குகிற குஞ்ஞிமுகம்மது, பிள்ளைகளுக்குக் குஞ்ஞிக்கா, தெருவோடு போனவர் நின்று, "என்ன சேச்சி, முகம் வாடியிருக்கு?" என்று கேட்டிருக்கிறார். மதினி மூக்கைச் சிந்திவிட்டுச் சொல்லியிருக்கிறாள்: எங்கள் ஆட்களில் பெரிய பண்டிகைக்குத் தம்பி அரிசியும் வெல்லமும் தேங்காயும் கொண்டுவருவான், எனக்கு வரவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

எட்டு மாதம் கழித்து, திருவோணத்தன்று காலையில், ஒரு சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து வாசலில் இறக்கினாராம். அரிசி, வெல்லம், தேங்காய், ஒரு குலை நேந்திரம்பழம், மேலே ஒரு பெட்டி அல்வா. பெரிய பண்டிகை என்றால் அந்த ஊரில் ஓணம்தானே! பிள்ளைகள், "பொங்கல் எப்பவோ போச்சே" என்று சொல்ல வாயெடுத்தார்கள். "ஒருத்தனும் வாயத் தொறக்கப்புடாது" என்றாள் மதினி. அன்றே முற்றத்தில் அடுப்புக் கூட்டி அந்த அரிசியில் பொங்கல் வைத்தாள். அப்புறம் ஒரு ஓணமும் தவறவில்லை. அந்த வீட்டில் வருடத்துக்கு இரண்டு பொங்கல். நானே நாலைந்து தரம் அந்த அல்வாவைத் தின்றிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் செல்வி, "குஞ்ஞிக்கா, அம்மா போன அன்னிக்கு வந்தார் அத்தே. உள்ள வரல. தெருவுலயே வெயில்ல நின்னார்" என்றாள். எனக்குள் ஏதோ விளக்கைப் போட்ட மாதிரி ஆயிற்று.

"செல்வி, நான் ஒரு பொய் சொல்லிட்டேன்."

"ரெண்டு" என்றாள். "மீன் ஒண்ணு."

சனிக்கிழமை காலை, இரண்டு பேரும் குஞ்ஞிக்கா வீட்டைத் தேடிப் போனோம். கடைத்தெருவுக்குப் பின்னால், இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போகவேண்டிய சந்து. நாங்கள் போன ஆட்டோதான் பின்னால் போனது. போனது ஒரு ஆட்டின் மேல். ஆட்டுக்கு ஒன்றுமில்லை. ஆட்டோக்காரரும் ஆட்டுக்காரியும் போட்ட சத்தத்தில் தெருவே வெளியே வந்தது. அதனால் வீட்டைத் தேடவேண்டிய வேலை மிச்சம், குஞ்ஞிக்காவே வாசலுக்கு வந்துவிட்டார்.

எண்பது வயது இருக்கும். எமனே வந்தாலும் இவரைத் தூக்க இரண்டு பேரைக் கூட்டிவர வேண்டும், அப்படித் தோள். முழங்கால்தான் போய்விட்டது. "பேச்சியல்லே!" என்று என் பெயரைச் சொன்னார். மருமகள் சாயாவும், பழத்தில் பஜ்ஜி போட்ட மாதிரிப் பழம்பொரியும் கொண்டுவந்து வைத்தாள். அவர் மலையாளத்தில் பேசியதை உனக்கு நம் பேச்சில் சொல்கிறேன். விஷயத்தைச் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்கு வரணும்னுதான் இருக்கு. ஆனா உங்க ஆளுங்க சம்மதிப்பாங்களா? நான் வந்து, அங்க ஒருத்தர் ஒண்ணு சொல்லி, சேச்சி காரியம் கெட்டுப் போச்சுன்னா?"

"அதை எங்கிட்ட விடுங்க."

"நான் என்ன செய்யணும்?"

"ஒரு துணியை முருகேசன் தலையில கட்டணும். அவ்வளவுதான்."

அவர் சிரித்த சிரிப்பில் பழம்பொரித் தட்டு ஆடியது. "பேச்சி, ஐம்பது வருஷம் நான் வேற என்ன செஞ்சேன்?" மூட்டை தூக்குகிறவர்கள் தலைக்குத் துண்டைச் சும்மாடு மாதிரி கட்டிக்கொள்வார்களே, அது. நான் பையைத் திறந்து, கொண்டுபோன வேட்டி துண்டை அவர் முன்னால் வைத்தேன். தொடவே இல்லை.

"இதை நீயே வச்சுக்கோ. சேச்சி வீட்டுக்கு நான் கொண்டு போறதை நான்தான் வாங்குவேன்."

நான் ஒரு பழம்பொரியை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் பந்தலில் பெண்கள் எல்லாரும் காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். செல்லையா வந்தார். அங்கே உள்ள நம் ஆட்களுக்கு அவர்தான் பெரியவர். இஸ்திரிக் கடை வைத்திருக்கிறார். சடங்கு எதிலும் ஒரு நூல் பிசகக் கூடாது அவருக்கு. எல்லாவற்றையும் வரிசையாக ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருப்பார். தமிழ்ச் சடங்கு, எழுதியிருப்பது மலையாளத்தில். அவருக்கு எழுத வருவது அதுதான்.

"செல்லையா, ஒரு சந்தேகம்" என்றேன். "நான் மூணாங்கிளாஸ். நீங்கதான் சொல்லணும். பிறந்த வீடுன்னா எது? செங்கல்லா, ஆளா?"

"இது எந்தா கேள்வி? ஆளுதான்."

"அந்த ஆளு என்ன செய்யணும்?"

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. விரலை மடக்கினார். "சீர் கொண்டு வரணும். வருஷா வருஷம் படி வைக்கணும். நல்லதுக்கும் கெட்டதுக்கும் வாசல்ல வந்து நிக்கணும்."

"இதெல்லாம் செய்யாதவன்?"

"செய்யாதவன் என்ன பிறந்த வீடு! சும்மா ரத்தம் இருந்தா போதுமா?"

பெண்கள் கத்தியை நிறுத்திவிட்டார்கள். "அப்போ வருஷா வருஷம் செஞ்சவன்?" என்றேன்.

மடக்கின விரலோடு அப்படியே நின்றார். நான் யாரைச் சொல்கிறேன் என்று அந்தத் தெருவில் யாருக்குத்தான் தெரியாது? "அக்கா, குஞ்ஞிக்கா நல்ல ஆளு. ஆனா மார்க்கம் வேறல்லே?"

"நாப்பது ஓணமா அது தெரியலியோ? உங்க வீட்டுக்கும் அல்வா வந்துதா இல்லியா?"

"வந்துது."

"தின்னீங்களா?"

"என் வீட்டுக்காரி தின்னா."

பின்னாலிருந்து அவர் பெண்டாட்டி குரல்: "ஆரு, நானா? பெட்டியைக்கூட எனக்குக் காட்டினதில்ல இந்த மனுஷன்!" பந்தலே சிரித்தது. செல்லையா முகம் சிவந்து, தாளை எடுத்து நீட்டினார். "அப்படி ஒண்ணும் இதுல எழுதல."

"எழுதினது யாரு?"

"நான்தான்."

"பேனா இருக்கா?"

"நாளைக்குப் பாக்கலாம்" என்று தாளை மடித்துக்கொண்டு போய்விட்டார். அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. முருகேசன் தூணில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவனும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. என் வாயால் நான் ஒரு காரியத்தைக் கெடுத்துவிட்டேனோ என்று என் வாழ்க்கையில் பயந்தது அன்றைக்குத்தான். இத்தனை வருடத்தில் கெடுத்தது எத்தனையோ. பயந்தது அது ஒன்றுக்கு.

ஞாயிற்றுக்கிழமை. எண்ணெய் தேய்த்துக் குளித்து, படத்துக்கு மாலை போட்டு, முருகேசனைப் பாயில் கிழக்கே பார்த்து உட்கார வைத்தார்கள். அவன் மச்சினன் ஒரு ஓரத்தில் துண்டோடு தயாராக நின்றான். பாவம், அவனும் நல்லவன்தான். செல்லையா தாளைப் பிரித்தார். ஒவ்வொன்றாக வாசித்து, ஒவ்வொன்றாக முடித்தார். அந்த இடம் வந்தது. தாளிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: "பிறந்த வீட்டாளு ஆரு?"

குஞ்ஞிக்காவைக் காணோம். செல்வி என் கையை நெரித்தாள். இரண்டாம் தரம் கேட்டார்.

தெரு முனையில் ஒரு சத்தம். மருமகளின் தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து அவர் வருகிறார். தலையில் ஒரு பெரிய தட்டு. அதில் வேட்டி, துண்டு, அரிசி, வெல்லம், தேங்காய். இன்னொரு கையால் அதைத் தொடக்கூட இல்லை. ஐம்பது வருடப் பழக்கம், தட்டு அசையவே இல்லை. ஆட்டோவில் வந்து இறங்கலாம். சீரை ஆட்டோவில் கொண்டுபோவது மரியாதை இல்லை என்று நடந்தே வந்திருக்கிறார். அதுதான் தாமதம். பந்தல் கால் வரைக்கும் வந்தவர் நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை. எல்லாரும் செல்லையாவைப் பார்த்தார்கள். செல்லையா தாளைப் பார்த்தார்.

நான் வாயைத் திறந்தேன். திறந்துகொண்டே இருந்தேன், ஏனென்றால் அதற்குள் முருகேசன் எழுந்துவிட்டான். உருமா கட்டுவதற்கு முன்னால் பாயைவிட்டு எழக்கூடாது; செல்லையா "டேய்" என்றார். அவன் கேட்கவில்லை. நேரே போய்த் தட்டை இரண்டு கையாலும் இறக்கினான். "வாங்க மாமா" என்றான். அதுவரைக்கும் அவன் அவரைக் குஞ்ஞிக்கா என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, மறுபடியும் பாயில் உட்கார்ந்து, தலையைக் குனிந்தான்.

செல்லையா குனிந்து, பாயின் ஓரத்தை இழுத்து நேராக்கி, குஞ்ஞிக்கா முழங்காலுக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

குஞ்ஞிக்கா புதுத் துண்டை உதறி நீளவாக்கில் முறுக்கி, முருகேசன் தலையில் இரண்டு சுற்றுச் சுற்றி, நடுவில் அமுக்கித் தட்டையாக்கி, முனையை உள்ளே செருகினார். நம் ஊரில் கட்டுகிற மாதிரி வால் தொங்கவில்லை, குஞ்சம் இல்லை. இந்தா, இப்போதே ஒரு சுக்கு மூட்டையை ஏற்றலாம் என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தது. கட்டினவர் அழுகிறார், கட்டிக்கொண்டவன் அழவில்லை. பிறகு அவன் கையைப் பிடித்து, "எணீக்கெடா மோனே" என்றார். எழுந்திரடா மகனே என்று. எழுபத்திரண்டு வயதுக்காரன் எழுந்து நின்று, அப்போதுதான் குழந்தை மாதிரி அழுதான். பதினாறு நாளில் முதல் அழுகை.

நான் படத்தைப் பார்த்தேன். மதினி எப்போதும் போல முறைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நான் செய்தது இது ஒன்றுதான். அவள் எனக்குச் செய்ததை எண்ண உட்கார்ந்தால் எனக்கு இன்னொரு தொண்ணூறு வருடம் வேண்டும். எனக்குக் கிடைத்த தாய் அவள், அதுவும் கேட்காமலே. அதை நினைத்தபோது துக்கமாக இல்லை ஏட்டி. வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை காலையில் அந்த வீட்டில் மீன் நுழைந்தது. குஞ்ஞிக்கா வீட்டிலிருந்து கரிமீனும், பத்திரி என்கிற அரிசி ரொட்டியும் வந்தன. துக்கம் முடிந்தபின் முதல் மீன் தாய்மாமன் வீட்டு மீன்தான் என்று செல்லையாவே ஒரு சட்டம் சொன்னார். அவர் தாளில் அது எழுதியிருந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது எனக்கே ஆச்சரியம். அன்று ரயிலில் தூங்கவே இல்லை, தென்காசியில் ஒழுங்காக இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், உனக்கும் முன்னால், எதிர்வீட்டுக் கோமதி முறத்தோடு வந்துவிட்டாள். பின்னாலேயே இன்னும் மூன்று பேர். கோமதிக்கு மதினி பிறந்த ஊரில்தான் சம்பந்தம். இங்கே நான் சொன்னால் பொழுது சாய்வதற்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். அதனால் தண்ணீர் குடித்துவிட்டு, நிதானமாக உட்கார்ந்தேன்.

"உருமா கட்ட ஆளு வரலியாமே பெரியம்மா? அந்தப் பையன் இங்கதானே சுத்திக்கிட்டு இருந்தான்."

"ஏன் வரல? மதினிக்குத் தம்பி வந்தான். சீரைத் தலையில வச்சு, நடந்து, தெருவே பாக்க வந்தான்."

"தம்பியா? அவுக தம்பி செத்துப் போனாரே!"

"அது ஒருத்தன். இவன் இன்னொருத்தன்."

"பேரு என்ன?"

சொன்னேன். முழுப் பெயரையும், அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னேன். கோமதி முறத்தைக் கீழே வைத்தாள். ஒருத்தி மற்றவளைப் பார்த்தாள். கடைசியில் கோமதிதான் மெதுவாகக் கேட்டாள்.

"கூடப் பிறந்த தம்பின்னா... முகச்சாடை எதுவும் இருக்கா பெரியம்மா?"

"அப்படியே உரிச்சு வச்சிருக்கு" என்றேன். "முக்கியமா அந்த மூக்கு."